இடது காது வெளியே

வார்டோ தீவில் மரம் கிடையாது.
பிடித்து ஆட்ட வேறொன்றும் இல்லாததால்
காற்று எங்கள் தலைகளைப் பிடித்து ஆட்டுகிறது.

தோர்டிஸின் கடையில்
தூண்டில் முள்ளுக்கும் பேட்டரிக்கும் நடுவே
ஒரு கூடை கம்பளித் தொப்பிகள்.
பழையது என்னவாயிற்று என்றாள்.
கடலுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன்.
பொய்.
பழையது வண்டி இருக்கைக்கு அடியில் கிடக்கிறது.
ஒரு குறையும் இல்லை அதற்கு,
காதுக்கு மேலேயே நின்றுவிடும் என்பதைத் தவிர.

முதலில் சாம்பல் நிறம்.
விளிம்பை இரு கையாலும் இழுத்து விட்டேன்.
நல்ல கம்பளி என்றால்
சட்டென்று தன் அளவுக்குத் திரும்ப வேண்டும்.
இது வாய் பிளந்தபடியே இருந்தது.
"பாதிக்குப் பாதி பிளாஸ்டிக் நூல்," என்றாள்,
விற்கிறவள் சொல்லக்கூடாத குரலில்.

அடுத்தது பச்சை. முரட்டு ரோமம்.
போட்ட மாத்திரத்தில் நெற்றியில் எறும்பு ஊர்ந்தது.
அதற்கடுத்ததில் உச்சியில் ஒரு பந்து.
ஐம்பத்தெட்டு வயதில் தலையில் பந்தோடு
மீன்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினால்
யார்லே அதை என் கல்லறை வரை கொண்டுவருவான்.

பிறகு கருநீலம்.
அடர்ந்த பின்னல். நெற்றி படும் இடத்தில் மட்டும்
உள்ளே மெல்லிய மெரினோப் பட்டை.
முகர்ந்தேன்:
மழையில் நனைந்த ஆடு, வெகுதூரத்தில்.
கண்ணாடி முன் நின்று புருவம் வரை இறக்கினேன்.
இரண்டு காதும் உள்ளே போயின.

விசிலடித்தது.

தோர்டிஸ் உள்ளறைக் காப்பிக் கெட்டிலைப் பார்த்தாள்.
வரிசையில் நின்ற பெண் தன் கைபேசியைப் பார்த்தாள்.
நான் கூரையைப் பார்த்தேன்,
எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லாதது மாதிரி.

மூன்று வாரத்துக்கு முன்
கிர்கெனஸ் மருத்துவமனையில் கொடுத்தது.
முந்திரிப் பருப்பு அளவு.
மேலே ஏதாவது மூடினால்
தன் சத்தத்தைத் தானே கேட்டுத் தானே கூவும்.
அதை மறைக்கத்தான் புதுத் தொப்பி.
மறைத்தால் அது ஊரைக் கூட்டுகிறது.

தோர்டிஸ் மேசையைச் சுற்றி வந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
விளிம்பை ஒரு மடிப்பு மடித்தாள். விசில்.
இரண்டு மடிப்பு. விசில், கொஞ்சம் தயக்கத்தோடு.
மடிப்பை ஒன்றாக்கி
மொத்தத்தையும் வலப்பக்கம் இழுத்துச் சாய்த்தாள்.
வலது காது உள்ளே, இடது காது வெளியே.
அமைதி.
"ட்ரோம்சோவில் பையன்கள் இப்படித்தான் போடுகிறார்கள்."
அவள் ட்ரோம்சோ போய்ப் பத்து வருடமிருக்கும்.
பிறகு விலையைச் சொன்னாள்,
கிட்டத்தட்ட உதட்டசைவில்.
முந்நூற்று நாற்பத்தொன்பது.
எண்ணிக் கொடுத்தேன்,
இரண்டாம் முறை கேட்காமல்.

வெளியே ஜனவரி.
இரண்டு மாதமாக வராத சூரியன்
இன்று வரக்கூடும் என்று
கோட்டைச் சுவரடியில் பள்ளிக்கூடமே நின்றிருந்தது.
முழு வட்டம் தெரிந்தால் பீரங்கி முழங்கும்;
முழங்கினால் பள்ளி விடுமுறை.
போன வருடம் நான் புகையைத்தான் பார்த்தேன்.
குழந்தைகள் குதித்ததை வைத்து
வெடித்திருக்கும் என்று முடிவு செய்தேன்.

நின்றேன். சாய்ந்த தொப்பி,
பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்றில் ஒற்றைக் காது.
கடல் விளிம்பில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கீற்று.
பிறகு மேகம் வந்து கதவைச் சாத்திக்கொண்டது.
பீரங்கிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
தலையை ஆட்டினார்.
முப்பது குழந்தைகள் ஒன்றாக விட்ட பெருமூச்சு.
கேட்டேன், முழுசாக.
பின்னால் ஒரு பொடியன் சொன்னதையும்:
"அந்த ஆளுக்குக் காது பழுத்துப் போச்சு பாரேன்."

பழுத்துத்தான் இருந்தது.
உள்ளங்கையால் பொத்தினேன்.

விசில் கிளம்பியதும்
ஏதோ பறவை என்று
முப்பது தலைகளும் வானத்தைத் தேடின.
நானும் தேடினேன்.